பழைய ஜீப், வீட்டு முற்றம் – 8: ஒழுகும் உருண்டை

ஜீப்பின் முன்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் குனிந்து பார்த்தால், ஆக்சில் குழாய் முடியும் இடத்தில் உரித்த தேங்காயைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதைக் கவ்விக்கொண்டு நிற்கிற கூடுதான் நக்கிள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உருண்டை அசையாது. நக்கிள் அதன்மேல் வழுக்கித் திரும்பும், கூடவே சக்கரமும் திரும்பும். உருண்டைக்கு உள்ளே ஆக்சிலின் மூட்டு இருக்கிறது. முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலும் எஞ்சினின் விசை அதற்குப் போய்ச் சேரவும் வேண்டும். இரண்டையும் நடத்திக் கொடுப்பது அந்த மூட்டுதான். அது கிரீஸில் ஊறிக் கிடக்க வேண்டும். கிரீஸ் வெளியே வராமலும் சேறும் தண்ணீரும் உள்ளே போகாமலும் தடுக்க, ஒரு ரப்பர் சீலும் ஒரு ஃபெல்ட் பட்டையும் உருண்டையின் மேல் உரசியபடியே இருக்கும்.

இந்த வாரம் முழுக்க அந்த உருண்டையும் அது இழுத்துவந்த வேலைகளும்தான்.

சேசிஸின் துரு வேலையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். சேசிஸ் பெயின்ட் காய்ந்து, இனி முன்ஆக்சிலில் கைவைக்கலாம் என்ற நிலைக்கு வண்டி வந்துவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் வாழ்நாளைக் கழித்த மஹிந்திரா சிஜே-3பி இது. அமெரிக்காவில் வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த மாடல். அங்கே 1968இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திரா உரிமம் பெற்று அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தது. உயரமான பானட்டைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கிற ஹரிக்கேன் எஞ்சின், அதற்கு முந்தைய எஞ்சினைவிட உயரம். அதற்கு இடம் கொடுக்கவே பானட்டை உயர்த்தினார்கள். மலையோரத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த முகத்தின்மேல் ஒரு பிரியம் உண்டு. எனக்கும் உண்டு. அந்தப் பிரியத்தினால்தான் இதன் கோளாறுகளைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் டயரில் கறுப்பாக எண்ணெய் வழிந்த தடம் இருந்தது. தரையில் சொட்டு. அது நக்கிள் சீல் ஒழுகல், அரை மணி நேர வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். சீல் செட் இரண்டு அரைவட்டத் தகடுகளாக வருகிறது. ஃபெல்ட்டும் ரப்பரும் ஓரிடத்தில் வெட்டிவிட்டபடியே வரும். சக்கரத்தைக் கழற்றி, எட்டு போல்ட்டை எடுத்து, பழையதை உருவிப் புதியதை மாட்டினால் முடிந்தது. நக்கிளைப் பிரிக்கவே வேண்டாம். விலையும் பெரிதாக இல்லை.

ஆனால் வழிந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தால் அது கிரீஸ் இல்லை. விரலில் ஓடுகிற அளவு மெலிந்திருந்தது, கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தது. நக்கிளுக்குள் கியர் ஆயிலுக்கு வேலையே இல்லை. அது டிஃபரென்ஷியலில் இருக்க வேண்டியது. ஆக்சில் குழாய் வழியாக உருண்டைவரை அது வந்திருக்கிறது என்றால், அதைத் தடுக்க வேண்டிய உள்சீல் போய்விட்டது என்று பொருள். அந்த உள்சீல் இருப்பது சக்கரத்துப் பக்கம் இல்லை. டிஃபரென்ஷியலை ஒட்டி, அதன் பேரிங்குகளுக்குப் பின்னால், ஆக்சில் கூட்டின் நடுவயிற்றில் இருக்கிறது. அதை மாற்ற இரண்டு பக்கச் சக்கரம், ஹப், டிரம், ஸ்பிண்டில், இரண்டு ஆக்சில் தண்டுகள் எல்லாம் வெளியே வர வேண்டும். பிறகு மூடியைத் திறந்து டிஃபரென்ஷியலையே தூக்கி வெளியே வைக்க வேண்டும். பேரிங் மூடிகளை இடது வலது மாறாமல் குறித்துக்கொள்ள வேண்டும், ஷிம்களைக் கலக்கவிடக் கூடாது. எட்டு போல்ட் என்று தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால் இது வேறோர் ஊர்.

இதில் இறங்குவதற்கு முன் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். ஆக்சிலின் மேல் சின்னதாக ஒரு மூச்சுக்குழல் இருக்கும், பிரீதர் என்பார்கள். ஓடும்போது ஆக்சில் சூடாகும், உள்ளே இருக்கிற காற்று விரியும், பிரீதர் வழியாக வெளியேறும். அது அடைத்திருந்தால் காற்றுக்கு வேறு வழி கிடையாது. சீலைத் தள்ளிக்கொண்டு, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். இந்த வண்டியின் பிரீதரில் சேறு இறுகிப்போயிருந்தது, அதன் மேலேயே யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள். அதைத் திறந்துவிடுவதோடு ஒழுகல் நிற்கிற வண்டிகளும் உண்டு. இங்கே அப்படி முடியவில்லை. சீல்கள் இரண்டும் கல்லாகக் காய்ந்துவிட்டிருந்தன.

உள்சீலை மாற்றலாம், உழைப்புதான் வேண்டும். மனம் உடைகிற இடம் அடுத்தது. உருண்டையைத் துடைத்துப் பார்த்தபோது, சீல் உரசுகிற பட்டை முழுவதும் அம்மைத் தழும்பாகத் துருக்குழிகள். நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிறது. புதுச் சீலின் மெல்லிய ரப்பர் உதடு இந்தக் குழிகளின்மேல் உரசினால் சீக்கிரமே கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும், தண்ணீர் இன்னும் குழியைத் தோண்டும். சீல் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கிறது. சீல் உரசுவதற்கு வேண்டிய வழவழப்பு எந்தக் கடையிலும் கிடையாது.

பழைய வண்டி வேலையின் துயரம் இந்த ஒரு வரிக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மாற்றுவதற்கென்று செய்யப்பட்ட பாகம் மலிவாகக் கிடைக்கும். அது உட்கார வேண்டிய இடம், மாற்றுவதற்கென்று யாரும் நினைத்துச் செய்யாத இடம், அறுபது வருடமாகத் தேய்ந்திருக்கும். டிஸ்டிரிபியூட்டருக்குப் புது பாயின்ட் வாங்கிப் போடுகிறோம், ஃபீலர் கேஜை வைத்து இடைவெளி பார்க்கிறோம். தண்டின் புஷ் தேய்ந்து ஆடுவதால், எஞ்சின் ஓடும்போது அந்த இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிறது. கார்பரேட்டருக்கு முழு கிட் போடுகிறோம். த்ராட்டில் தண்டு தன் துளையைத் தின்று அகலமாக்கியிருப்பதால் அந்த வழியாகக் காற்று போகிறது, ஐட்லிங் எந்தத் திருகிலும் நிற்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுப்பல்சக்கரத் தண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்ப கால வண்டிகளில் அதன் குறுக்களவு முக்கால் அங்குலம், பிறகு ஒன்றே அரைக்கால், கடைசியில் ஒன்றேகால். எது நம் வண்டியில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் தெரியாது. பிரித்து, சரியான தண்டையே வாங்கிவந்தாலும், அது நுழைகிற கூட்டின் துளை வட்டம் போய் முட்டையாகியிருந்தால் எண்ணெய் வழிந்துகொண்டுதான் இருக்கும். வழிகிற எண்ணெய் ஹேண்ட்பிரேக் டிரம்முக்குள் போகும், ஏனென்றால் ஜீப்பில் அந்த டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலேயே தொங்குகிறது. மலையில் நிறுத்திவிட்டு டயருக்குக் கல் வைக்கிற பழக்கம் பாதி அங்கிருந்துதான் வந்தது.

“ஜீப்பா? அது ராணுவ வண்டி சார், சிப்பாயே காட்டுக்குள்ள பிரிச்சு மாட்டிடுவான்” என்று என்னிடம் சொல்லாதவர் குறைவு. இந்த நம்பிக்கையோடுதான் பலரும் பழைய ஜீப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அது முக்கால் பொய் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜீப்பின் பிறப்பு அவசரத்தில் நடந்தது. பான்டம் என்ற சிறு கம்பெனி 49 நாள் கெடுவில் முதல் மாதிரியைச் செய்து, 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாந்திலுள்ள ஹோலாபேர்ட் ராணுவ முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. ஒருவர் செய்த பாகம் மற்றவர் வண்டியில் பொருந்த வேண்டும் என்பது கட்டளை. ஆனால் பழுது பார்ப்பதை அந்த ராணுவம் சிப்பாயின் தலையில் கட்டவில்லை. ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஓட்டுநர் முதல் படி: எண்ணெய், தண்ணீர், காற்று, நட்டு இறுக்கம் பார்ப்பது. பிரிவின் மெக்கானிக் இரண்டாம் படி: சிறு பாகம் மாற்றுவது, அட்ஜஸ்ட் செய்வது. மூன்றாம், நான்காம் படிகளில் நடமாடும் பட்டறைகளும் அவற்றுக்குப் பின்னாலுள்ள பெரிய பட்டறைகளும். ஐந்தாம் படி, முழு வண்டியையும் புதிதாக்குகிற டிப்போ. வண்டியை ஓட்டும் பிரிவுகளின் கையில் இருந்தது டிஎம் 9-803 என்ற 1944ஆம் ஆண்டுக் கையேடு. ஆக்சிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ளே போக வேண்டியவர்களுக்கு டிஎம் 9-1803பி என்று தனிக் கையேடு இருந்தது.

முன்னணியில் ஆக்சில் கெட்டால், அதன் உருண்டையைத் தேய்த்துக்கொண்டு யாரும் உட்காரவில்லை. கெட்டதைக் கழற்றிப் பின்னால் அனுப்பினார்கள், முழுதாக இன்னொன்றை மாட்டினார்கள். கழற்றி மாட்டுவது சுலபமாக இருந்தது உண்மை. அந்தச் சுலபத்துக்குப் பின்னால் கடல் கடந்து வருகிற பெட்டி பெட்டியான உதிரி பாகங்கள் இருந்தன. நம் முற்றத்தில் அந்தச் சுலபம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, பெட்டிகள் வரவில்லை. ஐந்து படிகளிலும் நாமே நிற்கிறோம். மாமரத்தடியில், ஒரு கையில் டார்ச்சோடு.

கருவிகளைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இன்று வீடுகளில் இருக்கிற ஸ்பானர் செட் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ., 13ஆம் நம்பர் ஸ்பானர் அதில் ஏறும், ஆனால் துளி ஆட்டம் இருக்கும். புது போல்ட்டில் அந்த ஆட்டம் ஒன்றும் செய்யாது. துருப்பிடித்து இறுகிய போல்ட்டில் ஸ்பானர் வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். ஒன்பது பதினாறு அங்குலம் 14.29 மி.மீ., அதில் 14 ஏறாது, 15 சுற்றும். முக்கால் அங்குலத்தில் 19 ஒட்டி உட்காருகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். முன்ஹப்பின் நட்டுக்கோ இரண்டே வீசம் அங்குலத்தில், ஆழமான பாக்ஸ் ஸ்பானர் வேண்டும். அது பக்கத்துக் கடையில் கிடைக்காது. கிடைக்காததனால் என்ன நடந்திருக்கிறது என்பதை அந்த நட்டே சொல்கிறது: ஆறு முகங்களிலும் உளி வைத்துச் சுத்தியலால் அடித்த வெட்டுகள். நட்டு அப்படித் திருகப்பட்டால் எவ்வளவு இறுகியது என்பதற்குக் கணக்கே கிடையாது. அதிகமானால் வீல் பேரிங் சூடாகி எரியும், குறைந்தால் சக்கரம் ஆடும். இந்த பாக்ஸை மட்டும் எப்பாடு பட்டாவது வாங்கிவிடுங்கள், முடியாவிட்டால் ஒரு பட்டறையில் குழாயை வைத்து வெல்டு செய்து வாங்குங்கள். உளியை எடுக்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஜீப்பின் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. நட்டைக் கழற்றுவதற்கு வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் நட்டு தானாகத் தளராமல் இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். ஸ்டட்டின் முனையில் எல் என்ற எழுத்து வெட்டியிருக்கும், ஆனால் துருவும் பெயின்ட்டும் அதை மூடிவிடும். தெரியாதவர் நீளமான குழாயை ஸ்பானரில் சொருகி, ஏறி நின்று மிதிப்பார். நட்டு இன்னும் இறுகி, கடைசியில் ஸ்டட் முறியும். எங்கள் வண்டியின் இடது பின்சக்கரத்தில் முறிந்த ஸ்டட்டுக்குப் பதிலாக ஒரு சாதா போல்ட்டைச் சொருகி வெல்டு வைத்திருந்தார்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையில் இறங்கிய வண்டி அது. எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

பின்ஹப் இன்னொரு விதம். ஆக்சில் தண்டின் முனை கூம்பாக இருக்கும், ஹப் அதில் சாவியோடு இறுகி உட்கார்ந்திருக்கும். காசில் நட்டைக் கழற்றியபின் ஹப் கையோடு வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, வராது. வீல் ஸ்டட்டுகளில் மாட்டுகிற கனமான ஹப் புல்லர் வேண்டும். கால் வைத்த புல்லரை டிரம்மின் விளிம்பில் மாட்டினால் விளிம்பு உடையும். தண்டின் முனையில் நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை போகும். புல்லரை இறுக்கி, கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டி, இன்னும் இறுக்கி, அப்படியே இரவு விட்டுவிட வேண்டும். காலையில் மறுபடி இறுக்க வேண்டும். விடும்போது பெரிய சத்தத்தோடு ஒரே அடியாக விடும், அதனால் காசில் நட்டை முழுதாக எடுக்காமல் சில மரை மிச்சம் வைத்திருப்பது அவசியம். இல்லாவிட்டால் டிரம் நெஞ்சில் வந்து மோதும். வண்டி அந்த நேரத்தில் ஜாக்கியின்மேல் நிற்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்டின்மேல் நிற்க வேண்டும்.

இவ்வளவையும் பிரித்தபின்தான் நான் இந்த அத்தியாயத்தை எழுதக் காரணமான விஷயம் கண்ணில் பட்டது. இடது முன்சக்கரத்தின் பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான், உருண்டையிலிருந்து வழிந்தது அங்கேதான் போகும். ஆனால் லைனிங் தேயவே இல்லை. எண்ணெய்க்குக் கீழே புதிதாக இருந்தது. வீல் சிலிண்டருக்குள் பிரேக் ஆயிலே இல்லை, காய்ந்து துருப்பிடித்திருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனபோது, சேசிஸின் ஓரத்தில் அந்தச் செப்புக் குழாயை நசுக்கி, மடித்து, முனையை ஈயம் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. எத்தனையோ காலமாக மூன்று சக்கரப் பிரேக்கில் ஓடியிருக்கிறது.

ஏன் செய்தார்கள் என்பது விளங்காமல் இல்லை. வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கும். இந்த ஜீப்பில் பிரேக் ஒரே வழி. மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் கொஞ்ச நேரத்தில் நான்கிலும் பிரேக் போய்விடும். மேலே தோட்டத்தில் மழை, கீழே இறங்கியாக வேண்டும், சிலிண்டர் கையில் இல்லை. ஒழுகுகிற சக்கரத்தை அடைத்துவிட்டால் மற்ற மூன்றாவது பிடிக்கும். அன்றைக்கு அது உயிரைக் காத்த வேலையாகவே இருந்திருக்கும். அந்த மெக்கானிக் யாரோ, அவர் கை சுத்தமானது. ஈயத்தை அவ்வளவு நேர்த்தியாக அடைத்திருக்கிறார். பாகம் கிடைக்காத மலையில் வண்டிகளை ஓடவைத்த அந்த மனிதர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த வண்டி இன்று இருப்பதே அவர்களால்தான். ஆனால் அன்றைய இரவுக்கென்று செய்ததை அதன்பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. வண்டி கைமாறியது, பெயின்ட் மாறியது, சீட் மாறியது, மேலே தார்பாய் மாறியது. ஈயம் மட்டும் அப்படியே இருந்தது. வாங்கியவருக்குச் சொல்லாமலே விற்றிருக்கிறார்கள். அதில்தான் என் கோபமெல்லாம்.

முதலில் பெயின்ட், பிறகு எஞ்சின், கடைசியில் பணம் மிஞ்சினால் பிரேக் என்ற வரிசையில்தான் நம்மூரில் பழைய ஜீப் வேலை நடக்கிறது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டுக் கனமான டீசல் எஞ்சினை ஏற்றியவர்களில் பலர், அந்த எடையை நிறுத்த வேண்டிய 9 அங்குல டிரம்களைத் தொடவே இல்லை. எஞ்சினை மாற்றிய வண்டிக்கு இப்போது இன்னொரு இழப்பும் வந்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்டவும் முடியாது என்பதால் என் வண்டிக்கு அதைக் கேட்கப் போவதில்லை. ஆனால் மலை ஜீப்புகளில் எத்தனையோ வண்டிகள் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

வீல் சிலிண்டரின் உள்பக்கமும் உருண்டையின் கதைதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும், குடித்த ஈரம் சிலிண்டரின் சுவரைத் தின்னும். குழி விழுந்த சுவரில் புது வாசர் கிட் போட்டால் கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு ஒழுகும். புது சிலிண்டராக விற்பதிலும் எல்லாம் அளவு சரியாக இருப்பதில்லை. நான் நம்புகிற வழி, பழைய நல்ல வார்ப்பை வைத்துக்கொண்டு உள்ளே கடைந்து பித்தளை ஸ்லீவ் இறக்குவது. பித்தளை துருப்பிடிக்காது. நான்கு சக்கரத்துச் சிலிண்டர்களையும், மாஸ்டர் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு, ஆக்சில் கூட்டையும் ஒரு மினிடெம்போவில் ஏற்றி, தேனியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

லேத்காரர் வயதானவர். சிலிண்டர்களைக் கையில் வாங்கி விரலை உள்ளேவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

“இது ஆவும் சார். ஸ்லீவ் எறக்கிக் குடுத்துர்றேன். அது என்னா, ஆக்சிலா?”

“ஆமாண்ணே. உருண்டைல பூரா குழி. இதக் கொஞ்சம் கடஞ்சு குடுக்க முடியுமான்னு…”

அவர் எழுந்து வந்து, குனிந்து, கட்டை விரலால் தடவினார்.

“லேத்துல ஏத்த முடியாது சார். உருண்டையும் கொழாயும் ஒண்ணு. கடையணும்னா மொத்தக் கூட்டையும் சுத்தணும். எங்கிட்ட இருக்கற லேத்து அதுக்குப் பத்தாது.”

“வெல்டு வச்சு நெரப்பிட்டுக் கையால தேச்சா?”

“தேய்க்கலாம். ஆனா கையில ரவுண்டு வராது. ரவுண்டு வரலேன்னா சீல் நிக்காது. அந்தச் சூட்டுல கொழாய் வளஞ்சு போச்சுன்னா அப்பறம் காலத்துக்கும் டயர் தின்னும். அதத் தொடாதீங்க.”

தொடாதே என்று ஒரு தொழிலாளி சொல்வது, செய்து தருகிறேன் என்று சொல்வதைவிடப் பெரிய உதவி. வேறு கூடு கிடைக்குமா என்று சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் விசாரிக்கச் சொன்னேன். வந்த படங்களில் எல்லா உருண்டைகளிலும் அதே இடத்தில் அதே குழிகள். சேறு ஒட்டி, ஈரம் நின்று, எல்லா வண்டியிலும் ஒரே பட்டையில்தான் துரு இறங்கியிருக்கிறது.

அதனால் கையில் இருக்கிற உருண்டையோடுதான் வாழ வேண்டும். ஊர் ஊராகப் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் செய்துகொண்டிருக்கும் முறையையே கடைப்பிடித்தேன். குழிகளை உள்வரை கம்பித் தூரிகையால் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் கழுவி, இரண்டு குழம்புகளைக் கலந்து பூசுகிற மெட்டல் எபாக்சியைக் குழிகளில் அழுத்தி நிரப்பினேன். இறுகியபின் தண்ணீர் எமரியால், சொரசொரப்பானதில் தொடங்கி மென்மையானதுவரை, உருண்டையின் வளைவு கெடாமல் தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் அழுத்தினால் அங்கே பள்ளமாகும். இது அலுப்பான வேலை. கை வலிக்கும், கண் எரியும், முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது. நகம் எங்கேயும் மாட்டாமல் வழுக்குகிறவரை தேய்க்க வேண்டும். இதற்கிடையில் வண்டி முற்றத்தில் முன்கால் இல்லாமல் ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. தள்ளி ஓரமாக்க முடியாது. வீட்டுக்கு வருகிற தண்ணீர் வண்டி திரும்ப முடியாமல் தெருவிலேயே நிற்கிறது. மழை வந்தால் எல்லாவற்றையும் தார்பாய் போட்டு மூட வேண்டும், திறந்திருக்கிற ஆக்சில் குழாயின் வாய்க்குத் துணி அடைக்க வேண்டும். பட்டறையில் நடக்கிற வேலைக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. வீட்டில் செய்கிறவரின் பொறுமை போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், இயந்திரத்தில் இல்லை.

மாட்டும்போது வரிசை தலைகீழ். டிஃபரென்ஷியல் உள்ளே, புது உள்சீல்கள், ஆக்சில் தண்டுகள். தண்டைச் செருகும்போது அதன் பல் முனை புதுச் சீலின் உதட்டைக் கிழிக்கலாம். தண்டின் எடையைச் சீலின்மேல் படவிடாமல் இரண்டு பேர் பிடித்து மெல்ல நுழைக்க வேண்டும். நக்கிளின் மேலும் கீழும் கிங்பின் பேரிங்குகள், அவற்றின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை காகிதம் போன்ற ஷிம்கள். அதிகம் போட்டால் நக்கிள் ஆடும். குறைத்தால் ஸ்டியரிங் கனக்கும். சீல் மாட்டுவதற்கு முன்னால், ஸ்பிரிங் தராசை நக்கிள் கையில் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் ஷிம்மை முடிவுசெய்ய வேண்டும். சீல் மாட்டியபின் பார்த்தால், சீலின் உராய்வும் சேர்ந்து ஏமாற்றும். சீலின் வெட்டிய வாய் இரண்டும் நன்றாக முட்டி நிற்கும்படி வைத்து, எட்டு போல்ட்டையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஃபெல்ட்டை மாட்டும்முன் எண்ணெயில் ஊறவிட வேண்டும்.

இன்னொன்று. உருண்டை எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் பசை எப்போதும் இருக்க வேண்டும், அதில்தான் சீல் வழுக்கும். சொட்டினால்தான் கோளாறு.

பிரேக்குக்கு ஈயம் அடைத்த குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கவில்லை. முழுக் குழாய்களும் ரப்பர் ஹோஸ்களும் புதிது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் ஊற்றுவதற்குத் தரையில் ஒரு சிறு மூடியைத் திறக்க வேண்டும், அதைச் சுற்றியிருக்கிற மண் எல்லாம் உள்ளே விழக் காத்திருக்கும். திறப்பதற்கு முன் அந்த இடத்தைக் கழுவித் துடைத்துவிடுவது நல்லது. ஷூ அட்ஜஸ்ட் செய்ய இரண்டு இடங்கள் உண்டு. மேலே இருக்கிற கேம் எல்லோருக்கும் தெரியும். கீழே இருக்கிற ஆங்கர் பின்களும் மையம் விலகிச் செய்யப்பட்டவை, அவற்றையும் திருப்பித்தான் ஷூவின் முழு நீளமும் டிரம்மில் படும்படி செய்ய வேண்டும். புது லைனிங் போடும்போது கீழே உள்ளதைப் பெரும்பாலான பட்டறைகள் விட்டுவிடுகின்றன. அதனால் ஷூவின் நுனி மட்டும் பிடிக்கிறது, மிதி ஆழமாகப் போகிறது, பழி மாஸ்டர் சிலிண்டர்மேல் விழுகிறது.

ஏர் எடுக்க மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வலதுகை ஓட்டு வண்டியில் அது இடது பின்சக்கரம். மகள் மிதியில் உட்கார்ந்தாள், நான் கீழே நிப்பிளைத் திறந்தேன். “மிதி… பிடிச்சுக்க… விடு” என்று நான்கு சக்கரத்துக்கும் போனபின் மிதி பாதியிலேயே கல்லாக நின்றது. தெருக்கோடிவரை ஓட்டி, நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணைக் கிழித்து நிற்கிறதா என்று பார்த்தேன். நான்கு கோடுகள், ஒரே நீளத்தில். உருண்டைகள் இரண்டிலும் சொட்டு இல்லை.

ஆனால் திரும்பி வரும்போது, வேகம் சற்றுக் கூடியதும் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடதும் வலதும் உதறியது. பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்தபின்தான் அடங்கியது. கிங்பின்னைச் சரியாக வைத்தாயிற்று, அதனால் அது காரணமில்லை. மிஞ்சியிருப்பவை டை ராடு முனைகள், சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் மாட்டியிருக்கிற பெல்கிராங்க், பிறகு ஸ்டியரிங் பாக்ஸ். அவற்றை அடுத்த வாரம் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

(தொடரும்)